இரண்டு விநாடி பாக்கி

லொபாட்சே இறைச்சி ஆலையில்
போனஸ் போட்ட வெள்ளிக்கிழமை
எல்லை தாண்டி ஸீரஸ்ட் போய்
ஐம்பத்தைந்து அங்குலத்தை
டொயோட்டாவின் முதுகில் கிடத்தி
கம்பளி போர்த்தி, சுங்கத்தில் கெஞ்சி
கொண்டுவந்து சேர்த்தார் ர்ரா மொகொரோசி.

மாட்டினார். சொடுக்கினார்.
'சிக்னல் இல்லை' என்றது
அவ்வளவு பெரிய கறுப்பு.

சனிக்கிழமை காலை போன்:
"ஏணியோடு வா, ம்மா ஒனாலென்னா,
உன் கோபுரம் செத்துப்போச்சு."

கோபுரம் என்னுடையதல்ல,
நான் ஆன்டெனா மாட்டுகிறவள்.
ஆனாலும் சுருக்கென்றது
யாரோ என் மாட்டைப் பழித்ததுபோல்.

கூரையேறி அளவுக்கருவியை நீட்டினேன்.
அறுபத்திரண்டு.
இதற்குமேல் ஒரு வீட்டுக்கு என்ன வேண்டும்?
"வந்துகொண்டேதான் இருக்கிறது, ர்ரா.
உங்கள் தோளில், தேநீர்க் கோப்பையில்,
அந்த நாயின் காதில்கூட
நிறைந்து வழிகிறது."
"வழியட்டும். என் சுவருக்கு எங்கே?"

எப்படிச் சொல்ல?
இந்த நாடு ஜப்பான்காரரின் இலக்கணத்தை எடுத்துக்கொண்டது.
வேலிக்கு அந்தப்பக்கம் ஐரோப்பாவின் இலக்கணம்.
காற்று ஒன்றுதான்,
எழுத்துக் கூட்டுகிற விதம் வேறு.
ஸீரஸ்டில் வாங்கிய காது
ஸீரஸ்டின் பேச்சைத்தான் கேட்கும்.

தேடலை ஓட்டிப் பார்த்தேன்.
வேலி தாண்டி ஒரே ஒரு சானல்
வந்து ஒட்டிக்கொண்டது.
'நாளை ஸீரஸ்ட் பக்கம் மழை' என்ற பெண்
சொல்லி முடிக்குமுன்
கட்டம் கட்டமாய்ச் சிதறிப்போனாள்.

பழைய பெட்டியில் படம் சாகுமுன்
நோயில் கிடக்கும். ஈசல் பறக்கும்,
ஆளுக்கு இரண்டு நிழல் விழும்,
ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி
நாமும் வைத்தியம் பார்ப்போம்.
இதில் அதெல்லாம் கிடையாது.
இருந்தால் முழுசாய் இருக்கும்.
ஒரு டெசிபல் இறங்கினால்
துடைத்துவிட்டதுபோல்.

எனக்கு இந்த அலைமேல் ஒரு மதிப்பு உண்டு.
ஒரு சொல் சொன்னதும்
குன்றில் முட்டித் திரும்பும் தன் எதிரொலி
அடங்கட்டும் என்று
நொடியைப் பத்தாயிரமாய் நறுக்கியதில்
ஒரு துண்டு நேரம் பொறுத்து
அடுத்த சொல்லை எடுக்கும்.
எங்கள் ஊர்க்கூட்டத்தில் எவரும்
அப்படிப் பொறுத்து நான் பார்த்ததில்லை.

அனுப்பும்போதே கலைத்துப் போட்டு அனுப்பும்.
எல்லாக் கன்றையும் ஒரே பட்டியில்
அடைக்காதவன் புத்தி அது.
இடி விழுந்தால் எந்த வாக்கியமும்
முழுதாய்ச் சாகாது,
ஆளுக்கோர் எழுத்து காயப்படும்.
கிழிசலைக் கணக்கு தைத்துவிடும்.

இவ்வளவும் நான் சொல்லவில்லை.
வண்டியிலிருந்து
உள்ளங்கை அளவுப் பெட்டியை எடுத்தேன்.
"ஐம்பத்தைந்து அங்குலத்துக்கு
இத்துனூண்டு துபாஷியா?"
முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
ஆனால் பிளக்கை அவரேதான் சொருகினார்.

வந்தது.
மைதானத்துப் புல் இதழ் இதழாக,
கோல்கீப்பர் நெற்றியில் வியர்வை,
கையுறையில் பிரிந்த ஒரு நூல்.
எண்பத்தெட்டாம் நிமிடம், பெனால்டி.
எங்கள் பையன் பந்தை வைக்கிறான்,
பின்வாங்கி நடக்கிறான், ஓடிவரத் தொடங்குகிறான்...
அடுத்த வீட்டு ரேடியோ
'கோல்!' என்று அலறியது.

திரையில் அவன் இன்னும் உதைக்கவில்லை.

ர்ரா மொகொரோசி என் பக்கம் திரும்பிய விதம்
சுங்க அதிகாரிகூடத் திரும்பியிருக்க மாட்டார்.
"கலைத்ததை அடுக்கணும், கிழிந்ததைத் தைக்கணும்,
பெரிய படத்தைச் சுருட்டி விரிக்கணும்,"
என்று இழுத்தேன்.
"நேரம் பிடிக்கும், ர்ரா."

பந்து வலைக்குள் போய் விழுந்தது.
அவர் கைதட்டவில்லை.
பேசியது இருநூறு புலா.
நோட்டும் காசுமாக எண்ணி வைத்தார்:
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
"ரெண்டு விநாடி பாக்கி," என்றார்.
வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார்.

எங்கள் மொழியில் காசும் புலா,
மழையும் புலா.
ஏணியைக் கயிற்றால் இறுக்கும்போது
நாளைக்கென்று சொன்னது
வேலி தாண்டி முந்திக்கொண்டு
முழங்கையில் விழுந்தது.
அண்ணாந்து பார்த்தேன்.

இரண்டே துளி. பிறகு நின்றுவிட்டது.